பட்டியலில் பெயர் இருந்தது, பஸ்தான் இல்லை

"அக்கா, ஒன்பதரை மணிக்கெல்லாம் அங்க இருக்கணுமாம். எங்க ஊருக்கு மொத பஸ்ஸே ஏழே முக்காலுக்குத்தான் வரும். என்னக்கா பண்றது?"

சென்ற ஆண்டு கலந்தாய்வு நேரத்தில் ஒரு மாணவி என்னிடம் கைபேசியில் கேட்ட கேள்வி இது. விழுப்புரம் மாவட்டத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனியைச் சேர்ந்தவள். அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பிள்ளை. கணிதம் படிக்க ஆசைப்பட்டாள்.

மூன்று அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தாள். அதில் இரண்டு கல்லூரிகள் ஒரே நாளில் அழைத்தன. இரண்டுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். முதல் கல்லூரியில் மதியம் வரை காத்திருந்தாள். அவள் முறை வருவதற்குள் கணிதத்தில் இடம் நிரம்பிவிட்டது. அங்கிருந்து ஓடி அடுத்த ஊருக்கு பஸ் ஏறினாள். அது ஊருக்குள் போகாத பஸ். பைபாஸில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் நடந்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. "உன் பேரைக் கூப்பிட்டு முடிச்சாச்சும்மா" என்றார்கள். இன்று அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

அவளுக்கு மதிப்பெண் இருந்தது. இடஒதுக்கீடு இருந்தது. தரவரிசைப் பட்டியலில் பெயரும் இருந்தது. பஸ் மட்டும்தான் இல்லை.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு இப்போது இணையத்தில்தான் விண்ணப்பிக்கிறோம். வீட்டிலிருந்தே பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். ஆனால் கலந்தாய்வு இணையத்தில் இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தரவரிசைப் பட்டியல் போடுகிறது, தனித்தனியே நாள் குறிக்கிறது. மாணவர் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் நிற்க வேண்டும். சேர்ந்த இடத்தில் டி.சி.யைக் கொடுத்துவிட்டால், அதைத் திரும்பப் பெறாமல் இன்னொரு கல்லூரிக்கு மாற முடியாது. ஆக, எந்தக் கல்லூரிக்கு முதலில் போவது என்ற முடிவு ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுப் படிப்பைத் தீர்மானிக்கிறது. வீட்டில் வண்டியும் விவரம் தெரிந்த ஆளும் இருப்பவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சல். காலனிப் பிள்ளைக்கு இதுவே இன்னொரு நுழைவுத் தேர்வு.

பேருந்து நமக்கு என்றுமே வெறும் வாகனமாக இருந்ததில்லை. வெள்ளையர் காலத்தில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்துகள் இருந்தன. இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைந்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரமே நடந்தது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரை, பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். "பொம்பளப் புள்ளைய தனியா எப்படி அனுப்பறது?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவதற்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைத் திட்டிப் பயனில்லை. எந்த பஸ், எத்தனை மணிக்கு, யார் துணை, எப்போது வீடு திரும்புவாள் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினால் பாதி பயம் போய்விடும்.

எனவே, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதோடு பயணத்தையும் எழுதுங்கள்.

முதலில், விண்ணப்பிக்கும்போதே வழியைப் பாருங்கள். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். திண்டிவனம் அரசுக் கல்லூரியும், கடலூர் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரியும் வேறு வேறு திசைகள். இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். கலந்தாய்வுக்கு முன்பே ஒருநாள் போய் வாருங்கள். பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரி எவ்வளவு தூரம், ஆதிதிராவிடர் நல விடுதி எங்கே இருக்கிறது, அங்கிருந்து வகுப்புக்கு நடந்து போக முடியுமா என்று கண்ணால் பாருங்கள். தினமும் போய்வர முடியாத தூரம் என்றால் விடுதிதான் படிப்பைக் காப்பாற்றும்.

அடுத்தது கட்டணம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஊர்விட்டு ஊர் போகும் புறநகர் பஸ்ஸில் மாணவியும் சீட்டு வாங்க வேண்டும். துணைக்கு வரும் அப்பாவுக்கு இரண்டிலும் கட்டணம் உண்டு. துணைக்கு அம்மா போனால் டவுன் பஸ் செலவு மிஞ்சும். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கும் கடலூருக்கும் ரயில் பாதை இருக்கிறது. பாசஞ்சர் ரயில் நேரம் ஒத்துவந்தால் கட்டணம் குறைவு. கடலூர் போகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்குங்கள். பேருந்து நிலையம் அருகிலேயே இருக்கிறது. பஸ்ஸில் போனால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் "ஊருக்குள்ள போகுமா, பைபாஸா?" என்று கேளுங்கள். விழுப்புரத்தில் பழைய பேருந்து நிலையம் வேறு, புதியது வேறு. எதில் இறங்கி எதில் ஏறுவது என்று முதல்நாளே விசாரித்துவையுங்கள்.

மூன்றாவதாக, போகும் நேரத்தை எழுதும்போதே திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். காலனிக்கு வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஒரு பஸ் வராவிட்டால் அடுத்தது எது என்று பக்கத்திலேயே குறியுங்கள். மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை ஒரு பிளாஸ்டிக் உறையிலும், ஜெராக்ஸ் நகல்களை வேறு உறையிலும் வையுங்கள். நகல்களை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். அன்றைக்குக் கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடை வரிசையே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும்.

இவ்வளவையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும் என்பதே அநியாயம்தான். அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். ஒரு மாவட்டத்துக்குள்ளும் பக்கத்து மாவட்டத்திலும் உள்ள அரசுக் கல்லூரிகள் பேசிவைத்துக்கொண்டு, கலந்தாய்வு நாட்கள் மோதாமல் குறிக்கலாம். இன்னொரு கலந்தாய்விலிருந்து வருகிற மாணவரை, தாமதமானாலும் அன்று மாலை வரை அனுமதிக்கலாம். பள்ளிப் பஸ் பாஸ் முடிந்து கல்லூரி பாஸ் இன்னும் கைக்கு வராத இடைக்காலம் இது. அழைப்புக் குறுஞ்செய்தியைக் காட்டினால் அன்றைக்கு எந்த அரசுப் பேருந்திலும் மாணவர் கட்டணமின்றிப் போகலாம் என்று போக்குவரத்துத் துறை ஓர் உத்தரவு போடலாம். ஊர்த் தெருவோடு திரும்பிவிடும் டவுன் பஸ் காலனி வரை வர வேண்டும் என்பதைக் கிராமசபையில் தீர்மானமாகப் போட்டு ஆட்சியரிடம் கொடுக்கலாம். அந்த வேலை நம்முடையது.

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களை வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். வாசலைத் தொட முடியாமல் திரும்பிய பிள்ளைக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை.

ஒவ்வொரு காலனியிலும் அம்பேத்கர் படம் மாட்டிய ஒரு படிப்பகமாவது இருக்கும். இந்த மே மாதம் அதன் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி, எந்த நாள், எந்த பஸ், துணைக்கு யார் என்று எழுதுங்கள். ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்காமார்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையை அழைத்துப் போங்கள். திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து பஸ் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள்.

துணிக்கடையில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் போன வாரம் பேசினேன். இந்த வருஷமும் கணிதத்துக்கே விண்ணப்பிக்கிறாளாம். "இந்தத் தடவ முந்தின நாளே போய் சித்தி வீட்ல தங்கிடுறேன்க்கா" என்றாள். அவளுக்கு அந்த ஊரில் ஒரு சித்தி இருக்கிறார். சித்தி இல்லாத பிள்ளைகளுக்கு நாம்தான் இருக்க வேண்டும்.