கடைசிப் பரீட்சை முடிந்த மாலை



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பிளஸ் டூ தேர்வு முடிந்திருக்கும். கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு ‘ட்ரீட்’ என்று கிளம்பும் பிள்ளைகளில் சிலர் முதன்முதலாகக் குடித்துப் பார்ப்பதும் இந்த நாட்களில்தான். அதனால் இம்முறை பெற்றவர்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 21 வயது நிறையாதவருக்கு மது விற்கக் கூடாது. கடையில் யார் வயதைக் கேட்கிறார்கள் என்பீர்கள். கேட்டே ஆக வேண்டும், அதை அரசிடம் விடாமல் வலியுறுத்துவோம். ஆனால் பல பிள்ளைகளுக்குக் குடி அறிமுகமாவது கடையில் அல்ல, வீட்டில். ஊரிலிருந்து மாமா வந்திருக்கிறார், மொட்டை மாடியில் பாய் விரித்தாயிற்று. “தம்பி, ஓடிப்போய் ரெண்டு தண்ணி பாட்டில், நாலு டம்ளர், காரக்கடலை வாங்கிட்டு வா.” பத்து வயதுப் பையன் ஓடுகிறான். மீதிச் சில்லறை அவனுக்கு. யாருக்கு எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்பதுவரை அவனுக்கு அத்துப்படி. அந்தச் சிரிப்பும் பேச்சும் அவனுக்குப் பிடித்துப்போகின்றன. பெரியவனானால் இதுதான் சந்தோஷம் என்று மனதில் பதிகிறது. தயவுசெய்து அந்த வேலைக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

கல்யாண வீட்டில் “ஆம்பளப் புள்ள, ஒரு வாய்தானே” என்று ஊற்றிக் கொடுப்பவரும் நம் சொந்தக்காரர்தான். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவருக்கு மது கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உறவு கெட்டுவிடுமோ என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பெற்றோர் சேர்ந்து நின்றால் இதை மாற்ற முடியும். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. கூடவே, பள்ளிவாரியாகப் பெற்றோர் ஒன்றுகூடி, இரவு நேரம் கடந்து பிள்ளைகளை வெளியே விடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். “அவங்க வீட்ல விடறாங்களே” என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. மகனின், மகளின் கூட்டாளிகளுடைய அம்மா அப்பாவின் கைபேசி எண்கள் நம்மிடம் இருக்கின்றனவா? இன்றே வாங்குங்கள்.

தானே குடிக்கும் தகப்பன் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்கலாம். “என்னால விட முடியல, நீ தொடாதே” என்று உள்ளதைச் சொல்லலாமே. அதில் உண்மை இருப்பது பிள்ளைக்குத் தெரியும்.

ஒருநாள் பிள்ளை குடித்த வாடையோடு வந்து நின்றால் அன்றிரவு அடிக்காதீர்கள், விசாரிக்காதீர்கள். வாந்தி எடுத்தால் புரையேறாதபடி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியாக விடாதீர்கள். எழுப்பியும் எழாவிட்டால் உடனே 108. பேச்சைக் காலையில், காபிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதன்பிறகும் தொடர்ந்தால், அரசின் மனநல ஆலோசனை எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்