அறைக்கு நான்கு பேர்!

தீபாவளி ஒரு நாள். தாயில்பட்டியிலோ அந்த ஒரு நாளுக்காக ஆண்டு முழுதும் கை ஓய்வதில்லை. வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் காட்டில் மழை ஏமாற்றும். பட்டாசுதான் சோறு போடும். அந்தச் சோற்றுக்குப் போனவர்கள் வீடு திரும்பாத நாட்கள் எத்தனை!

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: 40-ஐ ஒட்டிய உயிர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: இருபதுக்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூன் மாதம், தாயில்பட்டியிலேயே, ஆலையில்கூட அல்ல, ஒரு வீட்டுக்குள் வெடித்தது. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் அமைச்சர் வருகிறார், இழப்பீடு அறிவிக்கிறார்கள், "உராய்வினால் விபத்து" என்று காவல் நிலையத்தில் எழுதிக்கொள்கிறார்கள். உராய்வாம்! மருந்து உராய்ந்தது உண்மைதான். உராயும்படி ஆளையும் சரக்கையும் நெருக்கி அடைத்தது எது? அதைத் தேட வேண்டிய இடம் முதலாளியின் ஆர்டர் புத்தகம், தோழர்களே!

கணக்கைப் பாருங்கள். கடினமான கணக்கல்ல, விரல்விட்டு எண்ணலாம். வெடிபொருள் விதி ஓர் அறைக்கு நான்கு பேர் என்கிறது. மருந்து கலக்கும் அறையில் அதைவிடவும் குறைவு. மாவட்ட அளவில் தரும் சிறு உரிமம் என்றால் ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வெடிபொருள் இருக்கக் கூடாது. ஓர் ஆலையில் 20 அறை என்று வைத்துக்கொள்வோம். 80 பேர். அந்த 80 பேர் ஒரு நாளில் எவ்வளவு மருந்து செலுத்த முடியும், எவ்வளவு திரி சொருக முடியும், காயவைக்கும் மேடை எவ்வளவு தாங்கும் என்பது போர்மேனுக்கு மனப்பாடம். அதுதான் அந்த ஆலையின் வலு. ஆர்டர் அந்த வலுவுக்குள் நிற்க வேண்டும். நிற்கிறதா?

ஆடிப் பெருக்கன்று பூசை போட்டு விற்பனை தொடங்குகிறது. அங்கிருந்து தீபாவளி வரை வடநாட்டு வியாபாரியின் தொலைபேசி ஓய்வதில்லை. 120 பேர் செய்ய வேண்டிய சரக்குக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது, அறையோ 20தான். மிச்சம் 40 பேரை எங்கே உட்கார வைப்பது? வேப்பமரத்து நிழலில்! நான்கு பேர் அறையில் ஏழாவது ஆளாய்! அதுவும் போதாதென்றால் அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விடு. அதற்கும் மேலென்றால் மருந்தை ஊருக்குள் வீட்டுக்கே அனுப்பு! அச்சங்குளத்தில் உள்குத்தகைப் பேச்சு வந்தது நினைவிருக்கிறதா?

மூலப்பொருளிலும் இதே கதை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி ஆகியவற்றைக் கலந்த மருந்து அன்றைக்கே தீர வேண்டும். மீந்தால் அழிக்க வேண்டும். ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானே சூடேறும்; மூடி வைத்த மருந்து மறுநாள் காலை யமனாகக் காத்திருக்கும். எனவே இன்றைக்கு எத்தனை கை, எத்தனை கிலோ என்று பார்த்துக் கலப்பதே முறை. அவசரக்காரன் மொத்தமாய்க் கலக்கிறான். மீந்ததை அழிக்க மனம் வருமா? காசு போட்ட பொருளாயிற்றே!

முதலாளிகளுக்கும் தொல்லை உண்டு, மறைப்பானேன்? 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்தை, நம் ஊர்ப் பேச்சில் பச்சை உப்பை, தடுத்தது, சரவெடியையும் தடுத்தது. சில மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. 2025-இல் டில்லிக்குப் பசுமைப் பட்டாசு அனுமதி வந்தது அக்டோபர் 15. தீபாவளி அக்டோபர் 20! ஐந்து நாளில் எந்த ஆலை சரக்குச் செய்து லாரி ஏற்றும்? எவ்வளவு விற்கும் என்று ஆறு மாதம் முன்னால் தெரியாத தொழிலில் திட்டம் போடுவது எளிதல்ல. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தெரியாத்தனத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறார்கள்? இழந்த நாட்களை ஈடுகட்டப் புது அறை கட்டுவதில்லை. அதே அறை, அதே மேடை, கூடுதல் கைகள். எண்ணிக்கைக் கூலி வாங்கும் பெண், கை வேகம் குறைந்தால் அடுப்பு அணையும் என்று தானே விரட்டிக்கொள்கிறாள். அவளை "கவனக்குறைவு" என்று பழிக்க எவருக்கு வாய் வரும்?

"ஆர்டரை மறுத்தால் வியாபாரி பக்கத்து ஆலைக்குப் போய்விடுவானே" என்பார்கள். போவான். அதனால்தான் ஒரு முதலாளியின் நல்ல மனசை நம்பிப் பயனில்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்கிறோம். ஆய்வுக்கு வரும் அதிகாரி மணல் வாளியை எண்ணிவிட்டுப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஆர்டர் புத்தகத்தையும் மூலப்பொருள் கொள்முதல் சீட்டையும் வாங்கி, உரிமத்திலுள்ள அறைக் கணக்கோடு ஒட்டிப் பார்க்கட்டும். 80 பேர் ஆலை 120 பேர் சரக்குக்கு உப்பு வாங்கியிருந்தால், வெடிப்பதற்கு முன்பே காகிதத்தில் தெரிந்துவிடுமே! அந்த உபரி ஆர்டரை, தீபாவளி முடிந்த மறுமாதம் முதலே வேலையைப் பரப்பிச் செய்யட்டும். முடியாததைத் திருப்பிக் கொடுக்கட்டும்.

சங்கத் தோழர்கள் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று, சின்னது. ஆலை வாயிலில் ஒரு கரும்பலகை. அறை இத்தனை, ஆள் இத்தனை, இன்று கலக்க அனுமதித்த மருந்து இத்தனை கிலோ என்று காலையில் எழுத வேண்டும். உள்ளே நுழைகிற அம்மா தன் அறையில் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு உட்காரட்டும்.