இது என்ன கருவி?

தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சரளைக் குழியொன்றில் நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். அவரோ அதன் இருபுறமும் சில்லுகள் ஒழுங்காகப் பெயர்க்கப்பட்டு, விளிம்பு கூராக்கப்பட்டிருப்பதை நோக்கினார். தானே உடைந்த கல்லில் அவ்வொழுங்கு இராது. ஆகவே அது ஆதிமனிதனின் கைக்கோடரி எனத் தெளிந்தார். இந்தியாவில் முதன்முதலாக இனங்காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுவே.

அவ்வாண்டிலேயே அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டனர். அவ்வூர் அகழாய்வில் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011இல் அறிவிக்கப்பட்டது.

அன்பு வாசகர்களே, நம் புறநகர்களில் வீடுகள் பெருகிவருகின்றன. கடைக்கால் தோண்டுகையில் இத்தகைய கல் அகப்பட்டால், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். இடம் தெரியாத கல் பாதி ஊமை.