எடையா, வேகமா?

என் அறைத்தோழன் விமானம் ஓட்டப் பழகுகிறான். “உன் விமானம் எத்தனை கிலோ?” என்றேன். “எவ்வளவு மெதுவாகத் தரையிறங்கும் என்று கேள்” என்றான். அவன் சொன்னதே சரி என்பது என் துணிபு.

அமெரிக்க அரசு 2004-இல் ‘இலகுரக விளையாட்டு விமானம்’ என்றொரு வகையை வகுத்தது. இருக்கை இரண்டு, தரையிலிருந்து எழும் விமானமாயின் எடை 600 கிலோவுக்கு மேற்படலாகாது. அந்த வரம்புக்கு அஞ்சி, உறுதியான பாகங்களையும் காப்புக் கருவிகளையும் சேர்க்கத் தயங்க நேர்ந்தது. ஆனால், வேகம் இருமடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகுமே! 2025-இல் அவ்வரசே அந்த எடை வரம்பைக் கைவிட்டு, விமானம் விழாமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தை அளவுகோலாக்கியது.

நாளை விதி வகுக்கப்போகும் நண்பர்களே, வகைப்பாடு ஏட்டுக் கணக்கன்று, உயிர்க் கணக்கு!