நிலாவைப் பார்த்துத் தூண்டில் போடுகிறவர்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தூண்டில் போடுகிற ஆசாமிகளிடம் ஒரு வேதவாக்கு உண்டு. பௌர்ணமி வந்தால் பாஸ் மீன் கடிக்கும். ஏன் கடிக்கும் என்று கேட்டால் காரணம் வராது. தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் பௌர்ணமி ராத்திரியில் நாற்பது அங்குலத்தில் ஒன்று பிடித்தார் என்றுதான் பதில் வரும். அதே பக்கத்து வீட்டுக்காரர் மற்ற பௌர்ணமிகளில் கொசுக்கடியோடு வெறுங்கையாய் வீடு திரும்பிய கதையை யாரும் சொல்வதில்லை!

பாஸ் என்றதும் குழம்ப வேண்டாம். ஏரிகளில் வாழும் பெரிய வாய் பாஸ் வேறு. இங்கே பேச்சு ஸ்ட்ரைப்டு பாஸ் பற்றி. வெள்ளி உடம்பில் தலை முதல் வால் வரை ஏழெட்டு கருங்கோடுகள் ஓடும் மீன். பார்ப்பதற்கு நம்மூர் கொடுவாயின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும், ஆனால் பிழைப்பு நேர் தலைகீழ். கொடுவா வளர்வது ஆற்றிலும் கழிமுகத்திலும், முட்டையிடப் போவது கடல் பக்கம். ஸ்ட்ரைப்டு பாஸ் வளர்வது கடலில், முட்டையிட ஏறுவது ஆற்றுக்கு. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஹட்சன், பொடோமக், செசபீக் விரிகுடாவில் விழும் மற்ற ஆறுகள் எல்லாவற்றிலும் சினை மீன்கள் ஏறி வரும். வருவது உப்பு இல்லாத, ஆனால் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் தண்ணீருக்கு.

இந்த "ஏறி இறங்கும் ஆறு" என்பது காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் விசித்திரம். ஹட்சனில் கடலின் ஏற்ற இறக்கம் நியூயார்க் நகரத்தோடு நின்றுவிடாது. அங்கிருந்து ஏறக்குறைய 245 கிலோமீட்டர் உள்ளே, ட்ராய் என்ற ஊரில் இருக்கும் அணை வரை போகும். அந்த மண்ணின் பூர்வகுடிகள் அந்த ஆற்றுக்கு வைத்த பெயருக்கே இரண்டு பக்கமும் ஓடும் தண்ணீர் என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். நாளுக்கு இரண்டு முறை ஆறு மேல்நோக்கி ஓடும், இரண்டு முறை கீழ்நோக்கி ஓடும். நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும்.

பாஸ் மீனுக்கு வேண்டியது இந்த ஓட்டம்தான். அது சோம்பேறி வேட்டைக்காரன். பாலத்தின் தூணுக்குப் பின்னால், பாறையின் நிழலில், மணல்திட்டின் ஓரத்தில் ஓட்டத்தைப் பார்த்து முகம் வைத்துக் காத்திருக்கும். சின்ன மீன்களை ஓட்டமே இழுத்துக்கொண்டு வந்து வாயில் போடும். ஓட்டம் நின்றால் கடியும் பெரும்பாலும் குறையும். தண்ணீர் வற்றும்போது ஓரத்துச் சதுப்பில் ஒளிந்திருந்த ஹெர்ரிங்கும் இறாலும் வாய்க்கால் வழியாக வெளியே வந்தே ஆக வேண்டும். அந்த வாய்க்காலின் வாயில் நிற்கிற மீனுக்கு வானத்தில் நிலா முழுசா, பாதியா என்று ஒரு கவலையும் இல்லை.

அப்படியானால் பௌர்ணமிக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, அதை மறுத்தால் நேர்மை இல்லை. பௌர்ணமியன்று சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே கோட்டுக்கு வருவதால் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். நியூயார்க் முனையில் சராசரியாக நாலரை அடி ஏறி இறங்கும் தண்ணீர் அந்த நாட்களில் ஏறக்குறைய ஒரு அடி கூடுதலாக ஏறி இறங்கும். அதே ஆறு மணி நேரத்தில் அதிகத் தண்ணீர் போக வேண்டும் என்றால் வேகமாகத்தான் போக வேண்டும். ஓட்டம் வலுக்கும், மீன் சுறுசுறுப்பாகும். தாத்தா பார்த்தது பொய் இல்லை.

ஆனால் தாத்தா பாதியைத்தான் பார்த்தார். மூன்றும் ஒரே கோட்டுக்கு வருவது அமாவாசையிலும் நடக்கிறதே! அன்றைக்கும் தண்ணீர் அதே அளவு ஏறும், அதே அளவு இறங்கும். பழந்தமிழில் இந்த இரண்டு நாளுக்கும் பொதுவாக "உவா" என்றே பெயர். ஒன்று வெள்ளுவா, மற்றது காருவா. கடலுக்கு இரண்டும் ஒன்று என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அமாவாசை ராத்திரியில் கூட்டம் இல்லாமல் போவதற்கு மீன் காரணம் இல்லை. இருட்டில் அழகாக எதுவும் தெரிவதில்லை, புகைப்படமும் சரியாக வருவதில்லை, அவ்வளவுதான் :)

அடுத்த அபத்தம் இதைவிடப் பெரியது. 1926ல் ஜான் ஆல்டன் நைட் என்ற அமெரிக்கர் "சோலூனார்" என்ற ஒரு கணக்கைக் கிளப்பிவிட்டார். நிலா தலைக்கு மேல் வரும் நேரம், காலுக்கு அடியில் போகும் நேரம், உதிக்கும் நேரம், மறையும் நேரம் ஆகியவற்றில் மீனும் விலங்கும் சுறுசுறுப்பாக இருக்கும் என்பது அதன் சாரம். நூறு வருஷமாக இது காலண்டராக விற்றது, இப்போது செல்பேசிச் செயலியாக விற்கிறது. இன்றைக்கு நாலு நட்சத்திரம், நாளைக்கு இரண்டு நட்சத்திரம் என்று ராசிபலன் மாதிரி வரும். ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்யும் அதே ஆட்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுப்பார்கள்.

ஏரிக்கு இது பொருந்துமா என்பது தனிச் சண்டை. கடலோடு சேர்ந்து அசையும் ஆற்றுக்கு நிச்சயமாகப் பொருந்தாது. கடலில் கிளம்பும் ஏற்றம் ஆற்றின் மேல்பகுதிக்கு ஏறிப் போகப் பல மணி நேரம் ஆகும். நியூயார்க் முனையில் தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது மேலே ஆல்பனி பக்கம் ஆறு வேறு நிலையில் இருக்கும். நிலா மட்டும் இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் தலைக்கு மேல் வரும்! ஒரு ஊரில் ஓட்டம் சரியாக இருக்கும் நேரத்தில் இன்னொரு ஊரில் தண்ணீர் அசையாமல் நின்றால், இரண்டு ஊருக்கும் "உத்தமமான நேரம்" என்று ஒரே மணியை அச்சடித்துக் கொடுக்கும் காலண்டரை என்ன சொல்வது?

போதாக்குறைக்குக் காற்று இருக்கிறது, பனி உருகி வரும் வெள்ளம் இருக்கிறது. பலத்த வடமேற்குக் காற்று இரண்டு நாள் அடித்தால் செசபீக்கின் தண்ணீரையே கடல் பக்கம் தள்ளிவிடும். அன்றைக்குப் பௌர்ணமியாக இருந்தாலும் எதிர்பார்த்த ஏற்றம் வராது. மலையில் பனி உருகி வெள்ளம் வந்தால் ஆறு கீழ்நோக்கி நெடுநேரம் ஓடும், மேல்நோக்கி ஓடும் நேரம் சுருங்கும். இதெல்லாம் நிலா காலண்டரில் வராது. உள்ளூர் ஏற்ற இறக்க அட்டவணையை அமெரிக்க அரசே இலவசமாகத் தருகிறது. இலவசம் என்பதால்தானோ என்னவோ மரியாதை இல்லை.

சாதனைகளைப் பாருங்கள். உலகத்திலேயே பெரிய ஸ்ட்ரைப்டு பாஸைத் தூண்டிலில் பிடித்தவர் கிரெக் மையர்சன். 2011 ஆகஸ்ட் 4, கனெக்டிகட் கரை, ஏறக்குறைய 82 பவுண்டு. அதற்கு முந்தைய சாதனை அல் மெக்ரெனால்ட்ஸுடையது. 1982 செப்டம்பர் 21, அட்லாண்டிக் சிட்டி, எழுபத்தெட்டரை பவுண்டு. இரண்டு தேதியையும் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே வளர்பிறையின் நான்கைந்தாம் நாள். பௌர்ணமியும் இல்லை, அமாவாசையும் இல்லை. இரண்டு மீனை வைத்து ஒரு விதி எழுத முடியாதுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் ஒரே ஒரு மீனை வைத்து விதி எழுதியவர்கள் இதைச் சொல்லக் கூடாது!

இதுவரை சொன்னது வெறும் மூடநம்பிக்கைக் கதை என்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். யாரோ ஒருவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கிறார், நமக்கென்ன? பிரச்சினை அந்தப் பௌர்ணமிகள் எந்த மாதத்தில் வருகின்றன என்பதில் இருக்கிறது. ஏப்ரல், மே பௌர்ணமிக்கு ஆற்றில் கூட்டம் கூட்டமாக நிற்பவர்கள் துரத்துவது சினை மீனை. அந்த நேரத்தில் ஆற்றில் இருக்கும் பெரிய மீன் அநேகமாகப் பெண் மீன்தான், வயிற்றில் லட்சக்கணக்கில், நல்ல பெரியதாக இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல் முட்டையோடு. அதை ஆற்றுக்குள் கூப்பிடுவதும் முக்கியமாக நிலா இல்லை, தண்ணீரின் சூடு. பதினைந்து டிகிரியைத் தாண்டிச் சூடு ஏறும்போது முட்டை விழும். அந்த முட்டை ஓட்டத்தில் மிதந்துகொண்டே இரண்டு நாளில் பொரியும்.

அந்த மீனின் இன்றைய நிலைமை என்ன? மேரிலாந்து அரசு 1954 முதல் ஒவ்வொரு வருஷமும் செசபீக்கில் வலை இழுத்துக் குஞ்சுகளை எண்ணி வருகிறது. நீண்டகாலச் சராசரி 11. 2019 தொடங்கி ஒரு வருஷம்கூட அதைத் தொடவில்லை. 2023ல் 1.0, 2024ல் 2.0, 2025ல் 4.0. அட்லாண்டிக் கரையின் ஸ்ட்ரைப்டு பாஸில் பெரும்பகுதி பிறப்பது இந்த விரிகுடாவில் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்களை மறுபடி படியுங்கள்.

குஞ்சு குறைந்ததற்குத் தூண்டில்காரர்களைப் பழி சொல்ல முடியாது. குளிர் இல்லாத குளிர்காலமும் மழை குறைந்த வசந்தமும் பெரிய காரணங்கள். ஆனால் முப்பது வருஷம் வாழக்கூடிய மீன் இது. மோசமான வருஷங்களைத் தாண்டி நல்ல வருஷம் ஒன்று வரும் வரை கிழவிகள் உயிரோடு இருந்தால் இனம் மீளும். 2011லும் 2015லும் அப்படித்தான் குஞ்சுகள் குவிந்தன. கிழவிகளே இல்லை என்றால் நல்ல வருஷம் வந்து என்ன பயன்? இதை ஒருமுறை பார்த்தாயிற்று. 1985ல் மேரிலாந்து இந்த மீனைப் பிடிக்கவே கூடாது என்று தடை போட்டது. தடை ஐந்து வருஷம் நீடித்தது, 1995ல்தான் மீன் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள்.

உடனே ஒரு பதில் வரும்: "நாங்கள் கொல்வதில்லை, பிடித்துத் திரும்ப விட்டுவிடுகிறோம்". கேட்க நன்றாக இருக்கிறது. மீன்வள ஆணையம் தன் கணக்கில் வைத்திருப்பது வேறு: தண்ணீரில் திரும்ப விடும் மீனில் சராசரியாக நூற்றுக்கு ஒன்பது செத்துப் போகிறது. முள் தொண்டைக்குள் போனால், தண்ணீர் சூடாக இருந்தால், படம் எடுப்பதற்காக ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்தால் இன்னும் கூடும். கவனமாகக் கையாண்டால் குறையும். சராசரியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்கிறவர் கொன்றது ஒன்று. பௌர்ணமி ராத்திரி முழுக்க நின்று முப்பது மீனைப் பிடித்து முப்பதையும் "விட்டுவிட்ட" புண்ணியவான் கொன்றது கிட்டத்தட்ட மூன்று. முதல் ஆளைத்தான் ஊர் கொலைகாரன் என்கிறது! சில வருஷங்களில் மொத்தமாகச் செத்த மீனில் கிட்டத்தட்ட பாதி இப்படி விடப்பட்டவை.

"வலை போடும் வியாபாரிகளைக் கேளுங்கள்" என்பது அடுத்த பதில். இந்த மீனின் சாவில் மிகப் பெரும்பங்கு பொழுதுபோக்குத் தூண்டிலுடையது, வியாபாரிகளுடையது சிறுபங்கு. ஆணையத்தின் கணக்கு வருஷா வருஷம் அதைத்தான் சொல்கிறது.

விதிகள் வராமல் இல்லை. 2021 முதல் இரை வைத்துப் பிடித்தால் வட்ட முள்தான் போட வேண்டும். 2023ல் கடலில் 31 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை எடுக்கக் கூடாது என்று அவசர உத்தரவு வந்தது. 2024ல் மேரிலாந்து மே மாதத்துக் கோப்பை சீசனையே ரத்து செய்தது. 2025 அக்டோபரில் இன்னும் 12 சதவீதம் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது ஆணையம் வேண்டாம் என்று கைவிட்டது.

ஹட்சனில் 2024 முதல் நாளுக்கு ஒரு மீன் எடுக்கலாம், 23 அங்குலத்திலிருந்து 28 அங்குலத்துக்குள். அதற்கு மேல் உள்ள சினை மீனை வீட்டுக்குக் கொண்டுபோனால் அபராதம். அதே சினை மீனை மே மாதத்துப் பௌர்ணமியில் பிடித்து, நிலா வெளிச்சத்தில் படம் எடுத்து, தண்ணீரில் விட்டு, மறுபடி தூண்டில் போட்டு விடியும் வரை எத்தனை பிடித்தாலும் கேட்க ஆளில்லை.