மேய்ப்பருக்கும் களைப்பு வரும்

சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஒரே ஆயர் பல கிராமச் சபைகளைக் கவனிக்க வேண்டியிருக்கும். ஆராதனை, கல்யாணம், அடக்கம், ஆஸ்பத்திரி... எல்லாவற்றுக்கும் அவர்தான். அந்தக் களைப்பு தூங்கினால் போய்விடும். சபை இரண்டாகப் பிளக்கும்போது வரும் களைப்பு அப்படிப் போகாது.

இது புதிதும் அல்ல. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் வேதாகம மொழிபெயர்ப்பு, தமிழ் இலக்கணம், பள்ளிகள் என்று ஓயாமல் உழைத்தவர். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது ஆங்கிலிகன் பேராயரா, லுத்தரன் முறைப்படி மிஷனரிகளா என்ற கேள்வியில் சி.எம்.எஸ். சங்கத்தோடு முரண்பட்டார். 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. ஊரைவிட்டுப் போனவரை உபதேசியார்கள் திரும்ப அழைத்தார்கள். வந்தார். சபை இரண்டானது. 1838-இல், 47 வயதில் இறந்தார். அதன்பிறகுதான் பிரிந்தவர்கள் மீண்டும் சங்கத்தோடு சேர்ந்தார்கள்.

பிளவுதான் அவரைக் கொன்றது என்று சொல்ல முடியாது. ஆனால் சமாதானத்துக்கு ஒரு சாவு வரை காத்திருந்தது சரியா?

இன்று சாதி, சொத்து, தேர்தல் என்று காரணங்கள் வேறு. தென்னிந்தியத் திருச்சபையின் தேர்தல் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. உள்ளூரில் இரண்டு கோஷ்டியும் ஆயரிடம் கேட்பது ஒன்றே: "நீங்க யார் பக்கம்?" அவரை மாற்றிவிட்டால் சண்டை தீராது. அடுத்து வருபவர் தலையில் விழும், அவ்வளவுதான்.

ஆயருக்கு வாரம் ஒருநாள் ஓய்வு கொடுங்கள், நல்லது. அதோடு சபையார் தங்கள் சண்டையைத் தாங்களே உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். அவருக்காக ஜெபிப்பவர்கள் அந்தக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும்.