புதுக்குட்டி வந்தாச்சு! பழைய நாயின் கதி என்ன?

மழைக்காலம் வந்துவிட்டால் தெருவில் நாய்க்குட்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. கல்பாக்கத்தில் குவார்ட்டர்ஸ் சுவர் ஓரம், புதுப்பட்டினத்தில் மூடிய கடையின் படி, சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பங்களில் கவிழ்த்துப் போட்ட படகின் அடி, எங்கே பார்த்தாலும் ஒரு முனகல் சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை ஒன்றைச் சட்டைக்குள் பொத்தித் தூக்கி வந்துவிடுகிறது. "பாவம் அம்மா! மழையிலே நனையுதும்மா!" என்கிறது. அம்மாவின் மனம் இளகிவிடுகிறது. அடுப்படியில் ஒரு சாக்கு விரிக்கிறாள்.

நல்ல மனசு. குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அதே வீட்டில் எட்டு, ஒன்பது வருஷமாக ஒரு நாய் வாசலைக் காத்துக்கொண்டு கிடக்கிறதே! அதை யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

புதுக்குட்டி வந்த அன்று வீடே திருவிழாவாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். பழைய நாய் மெல்ல எழுந்து வந்து முகர்ந்து பார்க்கும். லேசாக உறுமும். உடனே அதன் முதுகில் ஒரு அடி! "சீ கழுதை! பச்சைக் குட்டியிடம் போய் உறுமுகிறாயே!" என்று திட்டு வேறு. கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுவார்கள். நேற்றுவரை ராஜா மாதிரி இருந்த நாய்க்கு இன்று சங்கிலி!

தம்பிப் பாப்பா பிறந்ததும் மூத்த பிள்ளை தொட்டிலில் கையை விட்டுக் கிள்ளுவது உண்டு. அதற்காக அந்தப் பிள்ளையைக் கொல்லையில் கட்டுகிறோமா? மடியில் உட்கார வைத்து, "நீதான்டா கண்ணு பெரியவன்" என்று சமாதானம் சொல்கிறோம். நாய்க்கும் அந்தச் சமாதானம் வேண்டும். இந்த விஷயத்தில் என் கட்சி பழைய நாயின் கட்சிதான்.

தாய் எங்கே?

குட்டியைத் தூக்குவதற்கு முன்பு ஒன்று பார்க்க வேண்டும். அதன் தாய் எங்கே? இரை தேடப் போன தாய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வரலாம். அதற்குள் தூக்கி வந்தால் அது காப்பாற்றுவது ஆகாது, பிள்ளை பிடிப்பது! எட்டு வாரமாவது குட்டி தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடம் படிக்காத குட்டி, உங்கள் கிழ நாயின் காதைத்தான் சிலேட்டாக வைத்துக்கொள்ளும்.

தாய் செத்துப்போயிருந்தால், அல்லது குட்டி அடிபட்டுக் கிடந்தால், அது வேறு விஷயம். தாராளமாக எடுத்து வரலாம்.

எடுத்து வந்ததும் நேரே பழைய நாயின் முன்னால் கொண்டுபோய் விடக் கூடாது. தெருக்குட்டியோடு உண்ணி வரும், வயிற்றுப் பூச்சி வரும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்வோ என்று ஒரு கொடிய நோய். வாந்தியும் ரத்தபேதியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியைக் கொண்டுபோய்விடும். ஆகவே பதினைந்து நாள் குட்டிக்குத் தனி இடம், தனித் தட்டு. கால்நடை டாக்டரிடம் இரண்டையுமே காட்டிவிட வேண்டும். பழைய நாய்க்கு ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதும் அப்போதுதான் பல வீடுகளில் நினைவுக்கு வரும்! குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி, டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஊசிகள் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்றாம் மாதத்தில்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். அது பிள்ளையைக் கடித்தாலும் நகத்தால் பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். பிறகு உடனே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் தடவ வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. முன்னதாக ஊசி போட்டுக்கொண்டால் பயம் இல்லை.

இந்தப் பதினைந்து நாளும் வீண் போகாது. குட்டி படுத்த சாக்கைப் பழைய நாயிடம் போடுங்கள். அது படுத்த துணியைக் குட்டியிடம் போடுங்கள். நாய்க்கு மூக்குதான் கண். முகம் பார்ப்பதற்கு முன்பே வாசனையில் அறிமுகம் ஆகிவிடும். பிறகு முதல் சந்திப்பை மொட்டை மாடி மாதிரி ஒரு பொது இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பழைய நாய் வழக்கமாகப் படுக்கிற வாசலில் வேண்டாம்.

உறுமினால் அடிக்காதீர்கள்!

உறுமல் என்பது நாயின் பேச்சு. "கிட்டே வராதே, எனக்குப் பிடிக்கவில்லை" என்று அது மரியாதையாகச் சொல்கிறது. அதற்கு அடி விழுந்தால் அடுத்த தடவை சொல்லாது. சொல்லாமலே கடிக்கும்.

வயதான நாய்க்கு இடுப்பு வலி இருக்கும், மூட்டு வலி இருக்கும். சில நாய்க்குக் கண்ணிலே புகை படர்ந்திருக்கும். அதன் மேல் இந்தக் குட்டி ஏறிக் குதித்தால்? நம் வீட்டுத் தாத்தா மேல் பேரன் நாள் முழுவதும் குதிக்கட்டும் என்று விடுவோமா? குட்டி ஏற முடியாதபடி குறுக்கே ஒரு பலகை வைத்து, பெரியவருக்கு என்று ஒரு மூலை ஒதுக்கிவிடுங்கள். சாப்பாடு முதலில் பெரியவருக்கு; இரண்டு தட்டும் தூரத் தூர இருக்கட்டும். மீன் தலை ஒன்றே ஒன்று இருந்தால் யாருக்கும் போட வேண்டாம்!

பக்கத்தில் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை தவம் செய்கிறதே, பார்த்திருப்பீர்கள். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், காலடியில் எலிகள். இரண்டு நாய்களும் சத்தம் இல்லாமல் படுத்திருப்பதைப் பார்த்து, "ராசி ஆகிவிட்டது" என்று முதல் வாரத்திலேயே கதவைப் பூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறவர்கள் அந்தப் பூனையை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது. ராசியாவதற்குச் சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

தெருக்குட்டியை வீட்டுக்கு எடுத்து வருவது நம் ஊருக்குப் புதிது அல்ல. 1959-ல் சென்னையில் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். புளூ கிராஸ் அமைப்பு பிறந்த கதை அதுதான். ஆனால் பரிதாபத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1964-லேயே தெரு நாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யத் தொடங்கினார்கள். மத்திய அரசு அதற்கு விதிகள் வகுத்தது 2001-ல்தான்! உங்கள் வீட்டிலும் ஒன்று ஆண், ஒன்று பெட்டை என்றால், குட்டிக்கு ஆறு மாதம் ஆவதற்குள் டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் படகுக்கு அடியில் கிடக்கப்போவது உங்கள் வீட்டுப் பேரன் பேத்திகள்தான்.

ஒத்துவரவில்லை என்று குட்டியைத் திரும்பத் தெருவிலே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாலு மாதம் சோறு போட்டு வளர்த்த குட்டிக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. டில்லி தெரு நாய்கள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 22-ந் தேதி பிறப்பித்த உத்தரவிலும், தத்து எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்து எடுத்தவரின் பொறுப்பு என்று சொல்லப்பட்டது.

கல்பாக்கத்துக் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு இன்னும் ஒன்று உண்டு. இங்கே பலர் குவார்ட்டர்சில் இருப்பவர்கள். ஐம்பத்தைந்து வயதில் ஒரு குட்டியை எடுத்தால், அறுபதில் ஓய்வு பெறும்போது அதற்கு ஐந்து வயதுதான். இன்னும் ஏழெட்டு வருஷம் உயிரோடு இருக்கும். வீட்டைக் காலி செய்யும்போது பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாம் லாரியில் ஏறும். போகிற ஊரில் மகன் வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் நாய் வைக்க விடுவார்களா? குட்டிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பு, இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.